காத்திருப்பு வீட்டின் கூரை

காலை ஏழு மணிக்கு நாமுஷி வார்டுக் குழுவின் அறைப் பூட்டைத் திறந்த முவங்காலா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு மாதமாக அவள் அட்டையில் செய்த கட்டட மாதிரி தரையில் கிழிந்து கிடந்தது. ஊர் மண்டபம், விளையாட்டுத் திடல், வெள்ளம் சூழும் சமவெளியிலிருந்து தோணியில் வரும் கர்ப்பிணிகள் பிரசவம்வரை தங்கக் காத்திருப்பு வீடு, எதுவும் மிஞ்சவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அதன் கீழே ஆட்டுப் புழுக்கை. மூலையில், விருந்துக்காக வாங்கிய வள்ளிக்கிழங்குக் கீரை கூடை நிறைய இருந்தது.

மதியம் மாவட்ட அதிகாரிகள் வருகிறார்கள். இரண்டு வார்டுகள் கேட்டிருந்தன. ஒன்றுக்குத்தான் கட்டடம் கிடைக்கும்.

சம்பளமில்லாமல் ஊருக்கு உழைக்கும் அந்தக் குழுவில் நான்கு பேர். நால்வரிடமும் சாவி உண்டு. தலைவர் சித்தாலி ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஆடு பண்ணின வேலைம்மா" என்றார். ஆனாலும் காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பினார்.

பெண் இன்ஸ்பெக்டர் இனோங்கே வந்தார். தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கினார். தூளாக உதிர்ந்தது. பிறகு முவங்காலாவைத் தனியே அழைத்தார்.

"நேத்து கடைசியா யாரு இருந்தா?"

"நான்தான் மா. ஜன்னலைக் கொண்டி போட்டு, கதவையும் பூட்டிட்டுத்தான் போனேன்."

"தனியா என்ன பண்ணினே?"

"காத்திருப்பு வீட்டுக்கு வைக்கோல் கூரை போட்டிருந்தேன். அதை எடுத்துட்டு, பால் டின்னை வெட்டித் தகரக் கூரை மாட்டினேன். இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

"இனியும் சொல்லாதே."

மற்ற மூவரையும் ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரிடமும் கடைசியாக ஒரே கேள்வி: மதியத்துக்குள் மறுபடி செய்ய முடியுமா?

சித்தாலி தலையைச் சொறிந்தார். "அட்டைகூட ஒட்டிடலாம். வைக்கோல் வேய நேரம் இருக்காதே."

அடுத்து லுபிண்டா. பந்து மைதானம்தான் முதலில் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவன். "என் மேலதான் சந்தேகம்னு தெரியும்" என்றான். "நான் எதிர்த்துப் பேசுவேன், கிழிக்க மாட்டேன். வைக்கோல் வேணும்னா என் வீட்டுல இருக்கு, எடுத்துக்குங்க."

கடைசியாக நாலிஷெபோ. முவங்காலாவுக்கு நெருங்கிய தோழி. அவளைக் குழுவுக்கு அழைத்து வந்தவளே இவள்தான். கண்கள் சிவந்திருந்தன. "பாவம் மா, பகல் ராத்திரி பாக்காம செஞ்சா. நானே உக்காந்து ஒட்டித் தரேன். அட்டை இருக்கு, பசை இருக்கு. கூரைக்குத்தான் ஒரு பால் டின் தேடணும்."

இனோங்கே எழுந்து கதவைத் திறந்தார். நால்வரையும் உட்காரவைத்தார்.

"பசியில ஜன்னலேறி வந்த ஆடு அட்டையைக் கிழிச்சுதாம். பக்கத்துல இருந்த கீரையில வாயே வைக்கல. புழுக்கையோ பல நாள் வெயில்ல காஞ்சது. ஆடு வரவே இல்ல. யாரோ சாவி போட்டு உள்ள வந்து, கொண்டியைத் திறந்துவிட்டிருக்காங்க."

லுபிண்டா தலை குனிந்தான். இனோங்கே அவனைப் பார்க்கவில்லை.

"வீட்டுக் கூரை நேத்து சாயங்காலம் தகரமா மாறினது முவங்காலாவுக்கு மட்டும்தான் தெரியும். இங்க தகரம் பொட்டுக்கூட இல்ல. ஆட்டுப் பல்லுக்குத் தகரம் கிழியாதுன்னு எடுத்துட்டுப் போயிருக்காங்க. ரெண்டு பேரு வைக்கோல்னு சொன்னாங்க. நாலிஷெபோ, உனக்கு எதுக்குப் பால் டின்?"

நாலிஷெபோ முவங்காலாவின் பக்கமே திரும்பாமல் பேசினாள்.

"என் தங்கச்சி தோணியிலயே குழந்தையைப் பறிகொடுத்தா. அன்னியிலருந்து மூணு வருஷமா இந்த வீட்டைக் கேக்கறேன். நான் வாயால சொன்னப்ப எல்லாரும் தேநீர் குடிச்சுக்கிட்டிருந்தாங்க. இவ அட்டையில காட்டினா, எந்திரிச்சு நின்னாங்க. ஒருத்தருக்குக்கூட என் பேரு ஞாபகம் வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் முவங்காலா.

"என்னன்னு சொல்ல? பொறாமையா இருக்குன்னா?"

வழக்கு வேண்டாம் என்று முவங்காலா இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள்.

மதியம் அதிகாரிகள் வந்தார்கள், ஊரும் கூடியது. முவங்காலா ஒரு குச்சியை எடுத்து அறை வாசலின் வெள்ளை மணலில் மண்டபத்தை வரைந்தாள், திடலை வரைந்தாள், வீட்டை வரைந்தாள். "இந்த வீடு என் யோசனை இல்ல. நாலிஷெபோ அக்கா மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கறது. நான் படம்தான் போட்டேன்" என்றாள்.

அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கட்டடம் நாமுஷிக்கே என்றார்கள். கூட்டம் கைதட்டியது. "என்ன மனசு பாரு இந்தப் பொண்ணுக்கு" என்றாள் ஒருத்தி.

அறைச் சுவருக்குப் பின்னால் நின்ற நாலிஷெபோவுக்கு எல்லாம் கேட்டது. அவள் கேட்ட வீடு வரப்போகிறது. அவள் பெயரையும் சொல்லியாகிவிட்டது. மன்னிப்பதைக்கூட இவள்தான் என்னைவிட அழகாகச் செய்கிறாள் என்று நினைத்தாள். நெஞ்சு மறுபடியும் எரிந்தது.