தற்காலிக ஏற்பாடு

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் காலை பத்து மணிக்குக் காற்று கொடுப்பார்கள். ஒன்பதரைக்கே வரிசை கட்டிவிடும். நின்று சலித்தவர்கள் தலைக்கவசத்தைத் தரையில் வைத்து இடம் பிடித்துவிட்டு அரட்டைக்குப் போவார்கள்; வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அதைக் காலால் தள்ளிவிடுவார். ஜன்னலில் அட்டையை நீட்டினால் வீட்டுக்கு ஒரு காற்றுக்கலம் நிரப்பித் தருவார்கள். ஒரு நாளைக்குப் போதும்.

காற்றுப் பங்கீட்டு அலுவலகத்தில் நாற்பது எந்திர எழுத்தர்கள். அவற்றுக்கு மேற்பார்வையாக ஆறு மனிதர்கள். அறுபது வருடங்களுக்கு முன், பூமியின் பழைய அலுவலகக் கோப்புகளைப் படிக்கவைத்துத்தான் எழுத்தர்களைப் பழக்கினார்கள். வேலையோடு வழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. பதினோரு மணியானால் நாற்பதும் எழுந்து தேநீர்க்கடைக்குப் போய், காலிக் கோப்பையைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். குடிக்க அவற்றுக்கு வாய் கிடையாது.

அந்த ஆறு பேரில் ஒருத்தியாகத்தான் ரோஸ்லின் இங்கே மாற்ற அலுவலராக வந்திருந்தாள். அவளுடைய திட்டத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது, காற்றைக் குழாய் வழியே வீட்டுக்கே அனுப்புவது. குழாய்கள் நான்கு வருடமாகப் பதிக்கப்பட்டுத் தயாராகக் கிடந்தன. எழுத்தர்கள் ஜன்னலை விட்டுவிட்டு, குழாய்களைத் திறந்து மூடும் அடைப்பான்களைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது கட்டம், அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் பழைய குப்பைகளை ஒழிப்பது.

அவளுக்கு இது வெறும் உத்தியோகம் அல்ல. அவள் அண்ணன் ஜெபமணி குடியிருப்பின் கடைசி வரிசை வீடொன்றில் இருந்தான். போன புழுதிப்பருவத்தில், அங்கிருந்து அலுவலகத்துக்கு வரும் சுரங்கப்பாதையை மூன்று நாள் மூடிவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் குழந்தையும் ஒரே கலத்தை முறை வைத்து மூச்சிழுத்துக் கிடந்தார்கள். அடுத்த புழுதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

ஐந்து மாதமாக அவள் கூட்டம் போட்டாள், விளக்கினாள், பயிற்சி கொடுத்தாள். யாராவது எதிர்த்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். ஒருவரும் எதிர்க்கவில்லை.

“ரொம்ப நல்ல திட்டம் மேடம்,” என்றது தலைமை எழுத்தர் கோதண்டம். பூமியில் எந்தக் குமாஸ்தாவின் கோப்புகளைப் படித்து வளர்ந்ததோ, அவர் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். “பண்ணிடலாம். இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருக்கான்னு மட்டும் பாக்கணும்.”

“பண்ணியிருந்தா நான் எதுக்கு சார் வரப்போறேன்?”

“அதான் மேடம் சிக்கல். கோப்பு சுத்துல இருக்கு.”

கோப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது மேசைகளைத் தொட்டு, நாற்பது கையெழுத்துகளுடன், கிளம்பிய இடத்துக்கே வந்து மறுபடியும் கிளம்பியது. ரோஸ்லினுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அன்று காலை மூன்றாம் ஜன்னலின் கதவு இறுகித் திறக்க வரவில்லை. கோதண்டம் எழுந்துபோய் ஒரு பலகையை மாட்டியது: ‘தற்காலிக ஏற்பாடு. நான்காம் ஜன்னலுக்குச் செல்லவும்.’ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“கோதண்டம் சார், இதுக்குக் கோப்பு போடலையா?”

“தற்காலிகத்துக்கு எதுக்கு மேடம் கோப்பு? சொன்னா போதும்.”

ரோஸ்லின் சுற்றிலும் பார்த்தாள். வாசலில் ‘தற்காலிக நுழைவாயில்’ என்றிருந்தது. அந்தப் பலகையில் எழுத்து வெளிறி முப்பது வருடமாவது இருக்கும். தற்காலிக மாடிப்படி. தற்காலிகக் கழிவறை. அவள் உட்கார்ந்திருந்த அறையின் பெயரே தற்காலிகக் கிடங்கு. ஐந்து மாதமாக இத்தனைக்கும் நடுவில்தான் அவள் உட்கார்ந்து எண்பது பக்கத் திட்டம் எழுதியிருக்கிறாள். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எண்பது பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டே வரி எழுதினாள். ‘தற்காலிக ஏற்பாடாக, புழுதிப்பருவம் முடியும்வரை, காற்று குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பப்படும்.’

கோதண்டம் படித்தது. “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்,” என்று முத்திரையைக் குத்தியது.

மாலை மூன்று மணிக்குள் நாற்பது எழுத்தர்களும் அடைப்பான்களின் முன் இருந்தன. பயிற்சி வகுப்பில் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தவை, சொன்னதில் ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் புழுதி வந்தது. இந்த முறை ஏழு நாள் அடித்தது. சுரங்கப்பாதையை மூடினார்கள், வரிசையில் நிற்க யாரும் வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. ஐந்தாம் நாள் ஜெபமணி தொலைபேசியில் அழைத்தான்.

“என்னண்ணே, மூச்சு விட முடியுதா?”

“அதெல்லாம் விடுறோம். பாப்பா கத்துற கத்துலதான் காது போகுது.”

ரோஸ்லின் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. புழுதி ஓய்ந்ததும் குடியிருப்பே திரண்டு வந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. வெறும் தரையில் தலைக்கவசங்களை வரிசையாக வைத்து வேடிக்கை காட்டினார்கள். குழாயை நிறுத்துவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தற்காலிகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெற்றியின் சூடு ஆறுவதற்குள் ரோஸ்லின் இரண்டாம் கட்டத்தைக் கையில் எடுத்தாள். குழாய் ஒன்றைத் தவிர, இந்த அலுவலகத்தில் இனித் தற்காலிகம் என்று எதுவுமே இருக்கக்கூடாது. காலம் முடிந்ததை ஒரே உத்தரவில் ரத்து செய்துவிட வேண்டும்.

“தற்காலிக ஏற்பாடுகளுக்குப் பதிவேடு இருக்கா சார்?”

“இருக்கு மேடம்.” கோதண்டம் கனத்த ஏட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்தது.

முதல் பதிவு, அறுபது வருடப் பழையது. ‘எந்திர எழுத்தர்கள் வேலை கற்றுக்கொள்ளும்வரை, தற்காலிக ஏற்பாடாக, மேற்பார்வைக்கு ஆறு மனிதர்கள்.’ எதிரே, கற்று முடித்த நாள். இரண்டுக்கும் இடையே மூன்று வாரம்தான் இருந்தது.

ரோஸ்லின் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். “அப்புறம் ஏன் சார் எங்களை வெச்சிருக்கீங்க?”

“யாரும் கேக்கலை மேடம். தற்காலிகம்தானேன்னு விட்டுட்டோம்.” கோதண்டம் முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டது. “நீங்க எழுதிக் குடுத்தா இன்னிக்கே ரத்து பண்ணிடலாம்.”

ரோஸ்லின் ஏட்டை மெல்ல மூடினாள். ஒரு தாளை எடுத்தாள். ‘மாற்றத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதி நீட்டினாள்.

முத்திரை உடனே விழுந்தது. மணி பதினொன்று ஆனது. நாற்பது எழுத்தர்களும் எழுந்து தேநீர்க்கடைக்கு நடந்தன. ரோஸ்லினும் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.