வானத்துல ஒரு தையல்

ஸ்டேடியம்னா ஸ்டேடியம், அப்படியொரு ஸ்டேடியம் கண்ணுகளா! கூரையில விழுற மழை குழாய் வழியா இறங்கி, கீழ தொட்டியில சேந்து, புல்லுக்குப் போயிடும். அதே கூரை வெயில்ல கரண்டும் எடுக்கும். இன்னொரு அதிசயம் கேளுங்க. அத்தன பெரிய இடத்துல ஏசியே கிடையாது! காத்து வர்ற திசையப் பாத்து, கூரைக்குக் கீழ நீளமா திறப்பு விட்டிருந்தாங்க. ஒரு பக்கம் காத்து நுழையும், சூட்ட வாரிக்கிட்டு மறுபக்கம் ஓடிடும்.

அன்னிக்கு சாயந்திரம் முதல் மேட்ச். மத்தியானமே குருவி வந்து குதிச்சுட்டா. ஒரு இடத்துல நிக்க மாட்டா, அதான் அந்தப் பேரு. அவ அம்மா டெய்லர். காலையில வெளிப்பக்கம் கட்டின "வருக வருக" வெள்ளைத் துணி இருக்கே, அது அம்மா தைச்சது. எம்மாம் பெருசு! டிவியில வேற காட்டப் போறாங்களாம்.

குருவி உள்ள ஓடினா... அப்பப்பா, அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு!

"காத்து தானா வரும்னீங்களே, எங்க வருது?" மேனேஜர் முகத்தத் துடைச்சுத் துடைச்சுக் கத்துறாரு.

ஸ்டேடியத்த வரைஞ்ச இன்ஜினியர் அக்கா முகம் வாடிப்போச்சு. "நேத்து வரைக்கும் ஜிலுஜிலுன்னு வந்துச்சு சார். திறப்பு திறந்துதான் இருக்கு. பாருங்க, வானம் தெரியுது."

"வானத்த வச்சு நான் என்ன பண்ண? டீசல்ல ஓடுற கூலருக்கு ஆர்டர் சொல்லப் போறேன். நாளைக்கே அந்தத் திறப்பெல்லாம் சுவர் வச்சு அடைச்சிடலாம்."

அக்கா கண்ணு கலங்கிடுச்சு. குருவிக்குப் பாவமா இருந்துச்சு. அவளும் அண்ணாந்து பாத்தா. வெள்ளை வெளேர்னு வானம். நடுவுல நீலமா ஒரு கோடு.

வானத்துல எங்கயாவது தையல் இருக்குமா?

வெள்ளை நூல் தீந்துபோச்சுன்னு அம்மா நீல நூல்ல ஒட்டுப் போட்ட இடம் அது! அது வானமே இல்ல, அம்மாவோட துணி! காத்து நுழையிற வாசல்லயே கட்டி வச்சிருக்காங்க!

சொன்னா அம்மாவோட துணிய அவுத்துடுவாங்க. சொல்லாட்டி அக்காவோட திறப்ப அடைச்சுடுவாங்க. குருவி அம்மாகிட்டயே ஓடினா.

"என்னடி சொல்ற? ராப்பகலா தைச்சதுடி அது!"

"அந்த அக்காவும் ராப்பகலாதானேம்மா வரைஞ்சிருப்பாங்க?"

அம்மா துணிய அவுக்கக் கிளம்பினாங்க.

"அம்மா, அவுக்க வேணாம். எழுத்துக்கு எழுத்து தனியா வெட்டி, இடைவெளி விட்டுக் கொடி மாதிரி தொங்க விட்டா?"

அம்மா துணியப் பாத்தாங்க, அவளப் பாத்தாங்க. "வெட்டினா ஓரம் பிரியும்டி. மடிச்சு அடிக்கணும். நிக்கிறியே, மிஷின எடு!"

அப்புறம் என்ன, ஒரே அமளிதான்! அக்காவுக்கும் மேனேஜருக்கும் சேதி போச்சு, துணி கீழ இறங்குச்சு. அம்மா கத்தரி போட, அக்கா ஓரம் மடிக்க, மிஷின் கடகடகடன்னு ஓடுது. மேனேஜரும் ஒரு முனையப் பிடிச்சிருந்தாரு.

"சார், இழுக்காதீங்க! தையல் கோணிக்கும்!"

"சரிம்மா, சரிம்மா!"

வாசல்ல ஜனம் முட்டி மோதுது. கடைசி எழுத்து ஏறுச்சு. எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

முதல் "வ" லேசா ஆடுச்சு. பக்கத்துல "ரு" படபடன்னு அடிச்சுச்சு. அவ்வளவுதான், திபுதிபுன்னு காத்து உள்ள புகுந்து, மேனேஜரோட தொப்பியத் தூக்கிட்டுப் போய் மைதானத்து நடுவுல போட்டுச்சு!

"கூலர் வேணுமா சார்?"ன்னாங்க அக்கா.

"முதல்ல தொப்பிய எடுங்கம்மா!"

சிரிப்புன்னா சிரிப்பு! அக்கா குருவியத் தூக்கி ஒரு சுத்து சுத்தினாங்க. ஆறு எழுத்தும் மேல நின்னு ஆட்டம் போடுது. அம்மா இடுப்புல கைய வச்சு அண்ணாந்து பாத்துட்டுச் சொன்னாங்க:

"அடுத்த தடவ காத்துக்கும் சேத்து அளவெடுக்கணும்டி!"