நுமேரியஸின் மெழுகு முகம்

மெழுகு வெதுவெதுப்பாக இருந்தது. பிலோனுக்கு அது சரியாகப் படவில்லை. முற்றத்து அலமாரிக்குள், வெயிலே எட்டாத இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்த முகமூடி. வெளியே குளிர்காலக் காற்று வீசியது; அவன் உள்ளங்கையில் மட்டும் ஒரு கன்னத்தின் சூடு.

இறந்துபோன நீதிபதி நுமேரியஸின் முகம் அது. அதைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, பேசி, சவ ஊர்வலத்தின் முன்னால் போக வேண்டும். ரோமில் பெரிய வீட்டுச் சாவென்றால் நடிகன் பிலோனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இடது காலை இழுத்து நடப்பதையும், பேசுமுன் தொண்டையைச் செருமுவதையும் அவர் உயிரோடிருக்கும்போதே பார்த்துப் பழகியிருந்தான்.

விதவை வெத்தியாதான் முகமூடியை மாட்டிப் பின்னால் நாடாவை முடிந்தாள்.

“நல்லா நடிங்க,” என்றாள். பிறகு காதருகே, “ரொம்ப நல்லா வேணாம்.”

ஏனென்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

குழல்கள் அழுதன. கூலிக்கு வந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். தீப்பந்தங்களின் பிசின் புகை தெருவெல்லாம் தவழ்ந்தது. முகமூடிக்குள்ளோ தேன்மெழுகின் வாசனை, அதற்கடியில் பழைய மதுவும் சொத்தைப் பல்லும் கலந்த ஒரு வாயின் நாற்றம். அவன் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தியபோதும் உதட்டருகே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் நினைப்பதற்கு முன்பே இடது கால் இழுத்தது. கூட்டம் சிரித்தது. அவரேதான், அச்சு அசல் என்றார்கள்.

நாடாவைத் தேடிப் பின்னந்தலையில் விரல்களை ஓட்டினான். முடிச்சு இல்லை. நாடாவும் இல்லை. வழுக்கைத் தோல். ஓரத்தில் கொஞ்சம் நரைமயிர். அவனுக்கோ அடர்ந்த சுருட்டைமுடி.

தெருமுனையில் அவன் மனைவி மிர்தே நின்றிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். நான்தான், இதைக் கழற்று என்று சொல்ல வாயைத் திறந்தான். தொண்டை தானாகச் செருமியது.

“யாருடி நீ? வழிய விடு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சிடுங்க ஐயா.” பிறகு குழல்காரனிடம் மெல்லக் கேட்டாள். “எங்க வீட்டுக்காரரு எங்கண்ணே? இந்த ஊர்வலத்துல நடிக்க வரேன்னாரே.”

அலறினான். வெளியே கேட்டது ஒரு கிழவரின் இருமல்.

ஊர்வாசலுக்கு வெளியே விறகு அடுக்கியிருந்தது. பிணத்தை மேலே ஏற்றினார்கள். எரிப்பதற்கு முன் கண்ணைத் திறந்துவிடுவது வழக்கம். வெத்தியா துணியை விலக்கி, பிணத்தைப் பார்க்காமலே இமைகளை நீவித் திறந்தாள். அவள் பார்வை முழுக்க அவன்மேல் இருந்தது. பார்த்துக்கொண்டே ஓரடி பின்வாங்கினாள். யாரோ ஒரு பந்தத்தை அவன் கையில் திணித்தார்கள்.

வேண்டாம் என்றான். வாய் அசையவில்லை.

கால் நடந்தது. இழுத்து. இழுத்து.

விறகின் மேல் சுருட்டைமுடி. அவனுடைய நெற்றி. அவனுடைய வாய். திறந்த இரண்டு கண்கள் அவனையே பார்த்தன. ஓரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது.

கை பந்தத்தைத் தாழ்த்தியது.

கண்கள் இமைத்தன.