பதினொரு சிவப்பு பல்பு

“விடுங்கன்றேன்…”

“நீங்க விடுங்க! மொதல்ல கை வெச்சது நானு.”

“போன வாரமே தவுக்கேகிட்ட சொல்லி வெச்சவன் நான்லா!”

“பன்னண்டும் உங்களுக்கேவா? வீட்டுல எத்தன சாமி மேடை வெச்சிருக்கீங்க?”

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஒரு மின்சாமான் கடை. சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் பன்னிரண்டு சிவப்பு பல்புகள். கடை முதலாளியான சீனத் தவுக்கே நமக்கேன் வம்பென்று கோப்பியோடு பின்கட்டுக்குப் போய்விட்டார். எழுபத்தெட்டாம் வருசம், ஆகஸ்ட் மாதம். வெளியே காலையிலிருந்து விடாத மழை…

நவமணி தன் பக்கத்துப் பிடியை விடவில்லை. அம்மா போய்ப் பதினைந்து நாள். படத்துக்கு முன்னால் வைத்த சிவப்பு பல்பு கருமாதி முடிகிறவரை அணையக் கூடாது. நேற்று பட்டென்று போய்விட்டது. தோட்டத்துக் கடையில் இல்லை. தேயிலை லோரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தால், இங்கே ஒரு மவராசன் கடையையே வாங்குகிறான்!

“ஒண்ணே ஒண்ணு குடுங்க. நாளைக்கு எங்கம்மாவுக்குக் கருமாதி.”

எதிர்ப்பக்கத்துப் பிடி சட்டென்று தளர்ந்தது. அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்… பல நாள் உறங்காத கண்கள். தன் கண்ணையே கண்ணாடியில் பார்த்ததுபோல் அவளுக்கு என்னவோ செய்தது.

“எடுத்துக்குங்க,” என்றான். பிறகு வாய்க்குள், “பதினொண்ணு… பத்தாதே.”

“எதுக்குப் பத்தாது?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“நான் சிரிச்சுப் பதினஞ்சு நாளாச்சு. சொல்லுங்க.”

“ஆமைக்கு.”

சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன விதம் அப்படி.

அவன் பெயர் இருளப்பன். கோலா தெர்லாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயர்மேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய துரை, திரெங்கானு கடலோரத்தில் பங்களா கட்டியிருந்தார். போன வருசம் இவனை வரவழைத்து வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வெள்ளை விளக்குப் போடச் சொன்னார்.

“கல்யாண வீடு மாதிரி இருந்துச்சுங்க. எனக்கே பெருமை தாங்கல. ஆனா, மணலுக்குள்ள முட்டை பொரிச்சு வர்ற ஆமைக்குஞ்சு இருக்கே… அதுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடலு. அத்தனையும் வீட்டப் பாத்து ஊர்ந்து வந்திருக்கு. விடிஞ்சு பாத்தா வாசல்ல, கால்வாய்ல, ரோட்டுல… கூடையில அள்ளுனேன். லைட்டு போட்டவன் நான்தானே.”

மழை தகரக்கூரையில் கொட்டியது. அவள் பெட்டியைத் தடவிக்கொண்டே, “அதுக்குச் சிவப்பு?” என்றாள்.

“மீன் இலாகா ஆளு சொன்னாரு. முடிஞ்சா அமத்திடு, முடியலன்னா சிவப்பு போடு, கடல்லேர்ந்து பாத்தா தெரியாம வைன்னு. துரை ஒத்துக்கிட்டாரு. ஆனா கடல் பக்கத்துப் படியில துரைசானி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாங்க. அங்க லைட்டு இருந்தே ஆகணும். பதினொண்ணு சிவப்பு, அங்க ஒண்ணு வெள்ளைன்னா… எல்லாம் அந்த ஒண்ணத் தேடி வந்துரும்.”

கையிலிருந்த பல்பு கனத்தது. அம்மாவுக்கா… அதுகளுக்கா? அப்போது அவளுக்கு ஒரு யோசனை தட்டியது.

“நான் ஆயாக்கொட்டாய்ல வேல செய்றேன். அம்மாமாருங்க கொழுந்து கிள்ளப் போனா பிள்ளைங்கள நாங்கதான் தூங்க வைக்கணும். மலையில மூடுபனி, பகல்லயும் இருட்டு. லைட்டு வேணும், ஆனா பிள்ளைங்க கண்ணுல படக் கூடாது. என்ன செய்வோம் தெரியுமா?”

“என்ன?”

“பால்மாவு டின்னு அடியில ஓட்டை போட்டு, பல்புமேல கவுத்துருவோம். வெளிச்சம் நேரா தரையில விழும். பக்கத்துல ஒரு பொட்டுகூடப் போவாது. நீங்க சின்ன பல்பா, முழங்கால் உசரத்துல வெச்சுக் கவுத்துங்க. படி தெரியும்… கடலுக்குத் தெரியாது.”

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“இதுல வயர்மேன் நானா, நீங்களா?”

“இருளப்பன்னு பேர வெச்சுக்கிட்டு லைட்டு வேலக்கிப் போனா இப்படித்தான்.”

“இருட்டாக்குற வேலக்கி இந்தப் பேரு பொருத்தம்தாங்க!”

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நொடியே அம்மா ஞாபகம் வந்து முகம் சுருங்கியது. அவன் அதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்…

அவன் ஏற வேண்டிய தாப்பா பஸ் ஹாரன் அடித்தது.

“என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன். எந்தத் தோட்டம்?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். “அடுத்த சனிக்கிழமைக்குள்ள வாங்க. அப்புறம் இருக்கமாட்டேன். தோட்டம் குடுத்த லயத்து வீடு அம்மா பேருல இருந்துச்சு, இனி இல்ல. அண்ணன் ஜொகூருக்குக் கூட்டிப் போவுது… அண்ணிக்குப் பிள்ள பாக்க ஆள் வேணுமாம்.”

கருமாதி முடிந்தது. பனிக்குள் எந்த லோரி நின்றாலும் அவள் எட்டிப் பார்த்தாள். கூட வேலை செய்யும் செல்லம்மாக்கா, “எங்கூடத் தங்கிக்கடி” என்றாள். அண்ணன் சிவசாமி காதில் வாங்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணை விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழையோடு வந்து நின்றான் இருளப்பன்.

“யாருய்யா நீ?” என்றான் சிவசாமி.

“வயர்மேனுங்க.”

“எங்க வீட்டு லைட்டு நல்லாத்தான் எரியுது.”

நவமணி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. “என்ன ஆச்சு?”

“போயிருச்சுங்க… எல்லாம் கடலுக்கே போயிருச்சு. படிக்கட்டுலயே குந்தியிருந்தேன். ஒண்ணுகூட வீட்டுப் பக்கம் திரும்பல. எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, வரிசையா… அழுகையே வந்துருச்சு.”

“ஆமைக் கத சொல்லவா இவ்வளோ தூரம்?” சிவசாமி குறுக்கே வந்தான். “வேற ஏதும் இருந்தா சொல்லு. வீடு வாசல் இருக்கா ஒனக்கு? சொந்தக்காரங்க யாரு?”

இருளப்பனின் முகம் கறுத்தது. நாலு பேரோடு ஓர் அறையில் கிடக்கிறவன் எதைச் சொல்வான்? எதற்காக வந்தானோ அதை அப்படியே விழுங்கினான்.

“ஒண்ணுமில்லங்க. நல்லா இருங்க. நான் போறேன்.”

தேயிலைச் செடிகளுக்கு நடுவே செம்மண் பாதையில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பனி அவன் தோளை மூடத் தொடங்கியது…

“மணி! எங்க போற? மணி!”

அண்ணனின் குரல் பின்னால் கேட்டது. அவள் நிற்கவில்லை. வழுக்கும் பாதையில் வெறுங்காலோடு ஓடி, வளைவில் அவன் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. அவன் கண்கள் மழையா, வேறா என்று தெரியாமல் நனைந்திருந்தன.

“போறேன்னு சொல்லாதீங்க… எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போச்சு. ‘வரேன்’னு ஒரு வார்த்த சொல்லுங்க… எத்தன வருசமானாலும் செல்லம்மாக்கா வீட்டுலயே நான் உங்களுக்காக இருப்பேன்.”