சித்தப்பா செத்தால்தான் வீடு!

செல்போன் அலறியது.

எடுக்க முடியாத நேரம்! கட்டட அனுமதி கவுண்டருக்கு முன்னால் காலையிலிருந்து கால் கடுக்க நின்ற பெயிண்டர், இப்போதுதான் ஜன்னலுக்குள் முகத்தைக் காட்டியிருந்தான்.

"சித்தப்பா கையெழுத்து எங்கே?" என்றார் கிளார்க், நிமிராமலே.

"அவர் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காச்சு சார்... போன தடவையும் சொன்னேனே..."

"நானும் போன தடவையே சொன்னேன். நிலம் உங்க தாத்தாவோடது. அப்பா பங்குக்கு நீயும் உங்க அண்ணனும் போட்டாச்சு. மீதி சித்தப்பா பங்கு. ஒண்ணு, அவர் கையெழுத்து வேணும். இல்ல, அவரோட இறப்புச் சான்றிதழ் வேணும். ரெண்டும் இல்லாம ஒரு செங்கல்கூட வைக்க முடியாது!"

போன் விடுவதாக இல்லை. எடுத்தான்.

"போலீஸ் ஸ்டேஷன்! கால்வாயில ஒரு பிணம் கிடைச்சிருக்கு. உங்க சித்தப்பாவா இருக்கும்னு சந்தேகம். உடனே ஆஸ்பத்திரி பிணவறைக்கு வாங்க!"

போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"சார்... பிணத்தைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன். இந்த டோக்கன் செல்லுமா?"

"செல்லாது. அடுத்த ஆள் வாங்க!"

ஊரெல்லாம் சுவருக்கு வர்ணம் அடிப்பவன் அவன். சொந்தமாக ஒரு சுவர் கிடையாது! வாடகை வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த மனைவி, அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

பிணவறை வாசலில் அண்ணன் நின்றிருந்தான்.

"சித்தப்பாதான்டா! நான் ஆமான்னு சொல்லி கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் சொல்லிடு... நம்மளைப் பிடிச்ச சனியன் இன்னியோட விட்டுது!"

மனைவியோடு உள்ளே போனான். அங்கே இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணி. பாதங்கள் மட்டும் வெளியே.

"முகத்தைப் பார்க்க வேணாம். தண்ணியில ஊறிக் கெட்டுப்போச்சு. காலைப் பார்த்துச் சொல்லுங்க."

பெயிண்டர் பார்த்தான். திக்கென்றது!

சித்தப்பாவுக்கு வலது காலில் ஆறு விரல். சின்ன வயதில் அந்தக் கூடுதல் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தூங்குவான்.

இங்கே... ஐந்துதான்!

"இது அவர் இல்லடி," என்று முணுமுணுத்தான்.

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க... ஆமான்னு சொல்லித் தொலைங்களேன். யாரோ பாவம், செத்துட்டார். இனி அவருக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு அலுத்துப்போச்சுங்க..."

"எனக்கு மட்டும் அலுக்கலையா?"

ஒரே வார்த்தை. சொன்னால் வீடு! நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எங்கேயோ உயிரோடு இருக்கிற மனுஷனை எப்படிச் சாகடிப்பது? தூக்கி வளர்த்தவராயிற்றே!

"இல்ல சார். இது எங்க சித்தப்பா இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க அண்ணன் ஆமாங்கறார். நீங்க இல்லைன்னா, வீடு இப்போதைக்குக் கிடையாது."

"பரவாயில்ல சார்... மறுபடியும் க்யூவுல நிக்கறேன். பழகிப்போச்சு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது...

பிணம் தும்மியது!

"ஐயோ!" மனைவியின் அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

துணியை விலக்கிக்கொண்டு பிணம் எழுந்து உட்கார்ந்தது. "குளிர் தாங்கல சார்! இனிமே எனக்கு இந்த மாதிரி டியூட்டி போடாதீங்க!"

"எங்க கான்ஸ்டபிள்தான்," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில், தலையில் கட்டோடு...

சித்தப்பா!

"உங்க அண்ணன் இவரைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான். 'கையெழுத்துப் போடறேன், புது வீட்டுல எனக்கு ஒரு ரூம் வேணும்'னு இவர் கேட்டிருக்கார். அவன் கால்வாயில தள்ளிட்டுப் போயிட்டான்! நீந்திக் கரையேறி எங்ககிட்ட வந்தார். நீங்களும் கூட்டான்னு தெரியணுமே? அதுக்குத்தான் இந்த நாடகம். அவன் காலை எட்டிக்கூடப் பார்க்காம ஆமான்னான். நீங்களும் ஆமான்னிருந்தா, ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தியிருப்பேன்!"

வெளியே அண்ணன் கத்துவது கேட்டது. விலங்கு மாட்டியாயிற்று. மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

பெயிண்டர் சித்தப்பாவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "ஒரு ரூமா சித்தப்பா? கேக்கணுமா அதை?"

"அழாதடா. பேப்பரை எடு. இப்பவே போட்டுடறேன்."

"செல்லாது!"

திரும்பினார்கள். பிணவறை குமாஸ்தா!

"அண்ணன்காரர் சொன்னதுமே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இவர் இறந்தாச்சு. இதோ சான்றிதழ்."

"யோவ், அது நாடகம்யா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு யார் சொன்னா? லேட், லேட்டுன்னு எல்லாரும் திட்டறீங்களேன்னு இன்னிக்குத்தான் ஒரு வேலையை உடனே முடிச்சேன்! மாத்தணும்னா, உயிரோட இருக்கார்னு மனு போடுங்க. விசாரணை நடக்கும். இழுக்கும்."

பெயிண்டர் அப்படியே சுவரில் சாய்ந்தான். இன்னொரு கவுண்டர். இன்னொரு டோக்கன். இன்னொரு க்யூ!

சித்தப்பா கையை நீட்டிச் சான்றிதழை வாங்கினார். மருமகள் கையில் திணித்தார்.

"இதைக் குடுத்தாலே அனுமதி கிடைக்கும்ல? கொண்டு போய்க் குடும்மா! வீடு முடியற வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்... என் ரூமை மட்டும் நல்லா காத்து வர்ற மாதிரி கட்டச் சொல்லு!"