காப்புக் குறி இல்லாத இருவர்

ஆவணி மாதத்தின் முதல் பெரிய முகூர்த்தம் என்பதால், அன்று காலை இசக்கியம்மாள் ஏழு கல்யாண மண்டபங்களை ஒரே இயந்திரத்தில் ஏற்றிவிட்டு எட்டாவதை ஏற்றிக்கொண்டிருந்தாள். நிலவின் தென்முனையில், வெயிலே விழாத ஒரு பள்ளத்துக்குள் அவளுடைய அலுவலகம் இருந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கத் தனியாகச் செலவில்லை என்பதால் கம்பெனி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. இசக்கியம்மாளைக் கதகதப்பாக வைத்திருக்கவும் கம்பெனி தனியாகச் செலவு செய்யவில்லை. கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்துதான் அவள் ஊரார் கல்யாணங்களை நடத்திவைத்தாள்.

சொந்தக்காரர்கள் செவ்வாயிலும் வியாழன் பக்கத்துச் சுரங்கங்களிலும் சிதறிப்போன பிறகு, யாரும் யார் கல்யாணத்துக்கும் உடம்போடு போவதில்லை. அங்கிருந்து ஒருவர் வாழ்த்துச் சொன்னால் இங்கே வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடும். ஆகவே எல்லோரும் தங்கள் மனதின் நகலை முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். அந்த நகலுக்கு நகலர் என்று பெயர். நகலர் மண்டபத்துக்கு வருவார், அட்சதை போடுவார், சாப்பிடுவார், சாப்பாட்டில் குறை சொல்லுவார். கல்யாணம் முடிந்ததும் அவர் பார்த்ததும் தின்றதும் நினைவுகளாகத் திரும்பிப் போய் உரியவரின் மண்டைக்குள் சேர்ந்துவிடும். மணமக்களும் நகலர்களாகவே வருவார்கள். நகலர் கட்டிய தாலி சட்டப்படி செல்லும்.

மண்டபம் என்பது ஒரு மெய்நிகர் சர்வர். ஒரே பெரிய இயந்திரத்துக்குள் இப்படிப் பல சர்வர்களை ஓட்டலாம்; ஒவ்வொன்றும் அந்த இயந்திரமே தனக்குத்தான் சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது லினக்ஸ் என்ற நம்முடைய பழைய இயங்குதளம்தான். மனிதன் செவ்வாயில் கத்தரிக்காய் விளைவித்துவிட்டான், லினக்ஸுக்கு மாற்று ஒன்றைக் கண்டுபிடிக்க மட்டும் சோம்பல்பட்டுவிட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைத் தட்டித்தான் இசக்கியம்மாளும் வேலை பார்த்தாள்.

எட்டாவது மண்டபம் வடிவரசிக்கும் செவ்வேளுக்கும் உரியது. வடிவரசி செவ்வாயில் தண்ணீர் சுத்திகரிப்பவள். செவ்வேள் வியாழனுக்கு அருகே ஒரு சுரங்க நிலையத்தில் இருந்தான். இருவரும் கடிதம் எழுதியே பழகி, கடிதத்திலேயே சண்டை போட்டு, கடிதத்திலேயே சமாதானமாகிப் பெற்றோரிடம் சொன்னவர்கள். அந்த நிலையத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒரு கப்பல்தான் போகும். மனைவி என்று பதிவானால்தான் வடிவரசிக்கு அதில் இடம். பதிவுக்குக் கடைசி நாளும் அன்றுதான். இந்த முகூர்த்தம் தவறினால் மூன்று வருடம் மறுபடி கடிதம்தான்.

முகூர்த்தம் நெருங்குகிற வேளையில் மண்டபம் திணற ஆரம்பித்தது. நாதஸ்வரம் இழுபட்டு முனகியது. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அத்தை பன்னீர்ச்செம்பைத் தூக்கிய நிலையிலேயே நின்றுபோனார். பந்தியில் ஒருவர் வடையைக் கடித்தார். கடித்தது வாய்க்குள் போய்ச் சேரவே இல்லை.

இசக்கியம்மாள் முதலில் இயந்திரத்தின் மூளையான செயலியைப் பார்த்தாள். அது வேலையில்லாமல் சும்மா கிடந்தது. தகவலைச் சேமித்துவைக்கும் வட்டைப் பார்த்தாள். அது மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நினைவகம் நிரம்பி வழிகிறது. வழிந்ததையெல்லாம் லினக்ஸ் வட்டில் எழுதிவைத்துவிட்டு, தேவைப்படும்போது தேடி எடுத்து வருகிறது. வடைக்காரர் வாயைத் தேடி அது வட்டுக்குள் போயிருந்தது.

காரணம் கம்பெனியின் சாமர்த்தியம். இருக்கிற நினைவகத்தைப்போல இரண்டு மடங்கை அது வாடகைக்கு விட்டிருந்தது. எல்லா மண்டபமும் ஒரே நேரத்தில் நிறையாது என்று எங்கோ ஒரு தேசத்துப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர்களுக்கு முகூர்த்தம் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. எட்டு மண்டபங்களிலும் ஒரே நல்ல நேரத்தில் கெட்டிமேளம் கொட்டக் காத்திருந்தார்கள்.

அலங்காரத்துக்காகச் சேமித்துவைத்திருந்த பூக்களை அழித்தாள். வாழை மரத்தை எடுத்தாள். கொஞ்சம் இடம் கிடைத்தது, உடனே நிரம்பியது. யார் இவ்வளவு தின்கிறார்கள் என்று நகலர்களை நினைவக அளவின்படி வரிசைப்படுத்தினாள். உச்சியில் ஆவுடையப்பன் இருந்தார்.

ஆவுடையப்பன் மணமகளின் தாய்மாமன். மற்றவர்கள் கல்யாணத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துச் சுருக்கிய நகலை அனுப்பியிருந்தார்கள். ஆவுடையப்பன் தன்னைச் சுருக்க முடியாது என்று சொல்லி முழுசாக வந்திருந்தார். இதுவரை எந்தெந்தக் கல்யாணத்தில் யார் தனக்கு மாலையைத் தாமதமாகப் போட்டார்கள், யார் 'வாங்க' என்று சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார்கள் என்பதெல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தது. ஒவ்வொரு வரவேற்பையும் அவர் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது விருந்தாளிகளின் இடத்தை அவர் ஒருவரே அடைத்திருந்தார்.

இசக்கியம்மாள் மேலாளர் உருவம் எடுத்து மண்டபத்துக்குள் போய், மணமகளின் அம்மா கோமதியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள். பெரியவரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டுத் தாலி கட்டி முடிந்ததும் மறுபடி எழுப்பிவிடலாம், அவருக்கே தெரியாது என்று பக்குவமாகச் சொன்னாள்.

கோமதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அண்ணன நிப்பாட்டிட்டு எம் மவளுக்குத் தாலி கெட்டணுமோ? அவிய இல்லாம இந்தக் கல்யாணம் நடந்தா என்ன, நடக்காட்டா என்ன?"

இப்போது எமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நினைவகம் அடியோடு தீர்ந்துபோனால் லினக்ஸ் யாரையும் கேட்காது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் கதையை முடித்துவிடும். பராமரிப்பாளர்கள் அந்தப் பகுதிக்கு எமன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எமனிடமிருந்து ஒருவரைத் தப்பிக்கவைக்க வேண்டுமானால் அவர் மேல் ஒரு காப்புக் குறி இட வேண்டும். இசக்கியம்மாள் வேறு வழியில்லாமல் ஆவுடையப்பனுக்கு ஒரு குறி இட்டாள்.

இது எப்படியோ மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது. பெண் வீட்டுத் தாய்மாமனுக்குக் குறி உண்டு, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் கிடையாதா என்று கேட்டார்கள். பெரியப்பாவுக்கு இட்டாள். சின்னப் பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவருக்கும் இட்டாள். கொழுந்தன்மார், நாத்தனார்கள், கவுன்சிலர், கவுன்சிலரோடு வந்தவர்கள் என்று ஆள் ஆளுக்கு வந்து நின்றார்கள். வீடியோக்காரர்கள் வெறும் மென்பொருள்தான், இருந்தாலும் அவர்கள் போனால் கல்யாணமே வீண் என்று இரண்டு சம்பந்திகளும் முதல் முறையாக ஒரே குரலில் சொன்னார்கள். ஐயருக்கும் மேளத்துக்கும் முதலிலேயே குறி உண்டு. இசக்கியம்மாள் விரல் வலிக்க வலிக்க, மூன்றாம் பந்திவரை வந்தவர்களுக்கெல்லாம் குறி இட்டு முடித்தாள்.

மணமக்களுக்காக யாரும் வந்து கேட்கவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருப்பார்கள் என்று இருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் கேட்டிருப்பார்கள் என்று இருந்தார்கள். இசக்கியம்மாளோ மணமக்களுக்குத் தானாகவே குறி விழுந்திருக்கும் என்று நினைத்தாள். லினக்ஸுக்கு மணப்பெண் யார், மூன்றாம் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாது.

ஐயர் கையில் தாலியை எடுத்தார். எட்டு மண்டபமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. நினைவகம் தீர்ந்தது. கடைசியாக ஏற்றிய எட்டாவது மண்டபத்துக்குத்தான் எமன் வந்தான். குறி இல்லாதவர் யார் என்று பார்த்தான். மாப்பிள்ளையை எடுத்தான். இடம் போதவில்லை. பெண்ணையும் எடுத்துக்கொண்டு போனான்.

திரையில் இரண்டு செயல்கள் முடிக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. அதை வாசித்ததும் இசக்கியம்மாள் இருவரையும் மறுபடி எழுப்பக் கட்டளை கொடுத்தாள். இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தாள், அதே பதில். மூன்று வருடம் என்ற நினைப்பில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மண்டபம் அருமையாக ஓடியது. நாதஸ்வரம் துள்ளியது, வடை வாய்க்குள் போயிற்று. ஐயர் கெட்டிமேளம் சொன்னார். மணவறைக்கு முன்னால் வீடியோக்காரர்கள் சுவர்போல நின்றிருந்தார்கள்; பின்னால் இருந்தவர்களுக்கு அவர்களுடைய முதுகுகள் மட்டுமே தெரிந்தன. அந்த முதுகுகளைப் பார்த்து எல்லோரும் அட்சதை போட்டார்கள். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு மாலை போட்டார்கள். அதைப் படம் எடுத்தார்களா என்று அவர் இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

பிறகு மேடையில் வரிசை நின்றது. ஒவ்வொரு குடும்பமாக ஏறி, இரண்டு காலி நாற்காலிகளுக்கு இரண்டு பக்கமும் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்து, உறையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது. ஒருவர்கூட நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்ற அவசரம்.

நகலர்களின் நினைவுகள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. சேர்க்கும் மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்காவது ஓட்டை இருந்தால், அந்த ஆள் இதற்கு முன் பார்த்த கல்யாணங்களிலிருந்து எடுத்து அடைத்துவிடும். பதிவாளர் கேட்டபோது, மாப்பிள்ளை தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்ததாக மண்டபமே சாட்சி சொன்னது. பெண் தலைகுனிந்து லேசாகச் சிரித்ததாகவும் பலர் சொன்னார்கள். கல்யாணம் பதிவாயிற்று. வடிவரசிக்குக் கப்பலில் இடம் கிடைத்தது.

இசக்கியம்மாள் நடந்ததை மேலதிகாரிக்கு எழுதினாள். புகார் ஏதும் வந்ததா என்று அவர் கேட்டார். சாம்பாரில் உப்பு கம்மி என்பதைத் தவிர எதுவும் வரவில்லை என்றாள். அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று அவர் முடித்துவைத்தார்.

ஆனால் செவ்வாயிலிருந்து வடிவரசியின் செய்தி வந்தது. கல்யாண நினைவு தனக்கும் வரவில்லை, செவ்வேளுக்கும் வரவில்லை, ஏதாவது கோளாறா என்று கேட்டிருந்தாள். அதற்கு மேல் இசக்கியம்மாளால் பொறுக்க முடியவில்லை. நிலவின் நகர்ப்பகுதியில் இருந்த கோமதியின் வீட்டுக்கு நேரிலேயே போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமதி கல்யாண வீடியோவை ஓடவிட்டு, காலி நாற்காலிகள் வரும் இடத்தில் நிறுத்தினார்.

"எனக்கும் என் கல்யாணம் ஒண்ணும் ஞாவம் இல்ல," என்றார். "அப்பம் இந்த நகலர்லாம் கெடையாது. பூமியில, கோவில்பட்டியில, உடம்போடதான் உக்காந்திருந்தேன். இங்க பாருங்கம்மா, இங்க பாருங்கம்மான்னு மூஞ்சியில லைட்ட அடிச்சான். அவிய தாலி கெட்டும்போது நான் அவிய மொகத்தப் பாக்கலம்மா. வீடியோக்காரன் மொகத்தத்தான் பாத்தேன். அவன் மீசகூட இன்னும் ஞாவம் இருக்கு."

பிறகு மகளுக்கு உண்மையை அப்படியே எழுதிவிடச் சொன்னார்.

இசக்கியம்மாள் எழுதினாள். இருவரும் தங்கள் கல்யாணத்தில் இல்லை என்பதை மன்னிப்போடு விளக்கி, அவர்கள் விரும்பினால் இன்னொரு நாள் கூட்டமில்லாமல் இருவருக்கு மட்டும் இலவசமாக மண்டபம் தருவதாகவும், இந்த முறை நினைவகத்துக்குப் பஞ்சம் இருக்காது என்றும் தன் பொறுப்பிலேயே சேர்த்து எழுதினாள்.

ஒளி போய்த் திரும்பும் நேரம் முடிந்த உடனேயே பதில் வந்துவிட்டது. வடிவரசி யோசிக்கவே இல்லைபோலும்.

"பரவாயில்லக்கா, இன்னொரு தடவையெல்லாம் வேண்டாம். ஃபோட்டோவுல மட்டும் எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருங்க, இங்க எல்லாரும் படம் எங்க, படம் எங்கன்னு கேக்காங்க. மாமாகூட நிக்கிற படத்துல என்னைய நல்லா சிரிக்க வைங்க."