மூன்று கை தீர்த்தம்

என் வீட்டுக்காரர் ஜம்புவுக்கு ஒரு வியாதி. பழைய குளமோ கிணறோ, எதைக் கண்டாலும் தலையில் தெளித்துக்கொண்டு, உள்ளங்கையில் மூன்று தடவை தீர்த்தம் எடுத்துக் குடித்தாக வேண்டும். புனேயில் இருபது வருஷம் குப்பை கொட்டியும் அது போகவில்லை.

அந்த ஞாயிறு காலை சாங்வியிலிருந்து பஸ் பிடித்து சனிவார் பேட்டைக்குப் போனோம். பேஷ்வா காலத்து வாடா ஒன்று, பாதி இடிந்த மாளிகை. அதன் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிக் காட்டும் சுனில் டார்ச்சோடு முன்னால் இறங்கினான். படிக்குப் படி நாற்றம் கூடியது. செத்த எலி நாற்றம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது மாதக்கணக்கில் குளிக்காத தலையின் நாற்றம், சிக்குப் பிடித்து ஊறிப்போன நாற்றம். தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். கொழகொழவென்று என்னவோ கையில் ஒட்டியது. சீ! புடவையில் துடைத்தேன், புடவையும் பாழ்.

தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

"பானி கந்தா ஹை. ஹாத் மத் லகானா." தண்ணீர் அழுக்கு, கை வைக்காதீர்கள் என்றான் சுனில்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் இந்த மனுஷர் குனிந்துவிட்டார்.

"ஏன்னா! சாக்கடை அது. துப்புங்கோ!"

"கத்தாதே. எத்தனை பேர் பூஜைக்கு மொண்டிருப்பா. தீர்த்தம்டி." மூன்றாவது கையையும் உறிஞ்சினார்.

சுனிலின் முகம் வெளுத்துவிட்டது. "ஊப்பர் சலோ," என்று கிசுகிசுத்துவிட்டு, எங்களை விட்டுவிட்டு மேலே ஓடினான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தொண்டையைச் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். முகம் நீலம் பாரித்தது. மூச்சு வரவில்லை. ஐயோ, என் கண்ணெதிரே மனுஷர் செத்துக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து விரலை விட்டேன்.

முடி.

பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம் வந்தது. எச்சிலும் பாசியும் சொட்டச் சொட்ட, தொட்டியின் அதே நாற்றம். விட்டால் போய்விடுவாரே என்று கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

கத்தரிக்கோலை எடுத்து உதட்டோரம் வெட்டினேன். மிச்சம் சர்ரென்று உள்ளே போயிற்று. மூச்சு வந்துவிட்டது. பெருமாளே என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை என்றார்.

மறுநாள் காலை காப்பியோடு உள்ளே போனேன். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் பொட்டு முடி கிடையாது. ஆனால் மடியில் என் சீப்பு, தேங்காய் எண்ணெய்க் கிண்ணம்.

"நேத்து ரொம்ப வலிச்சுது," என்றார், செல்லமாக. "இன்னிக்கு மெதுவாச் சிக்கெடு."

சீப்பை என்னிடம் நீட்டிவிட்டு, வாயை அகலத் திறந்தார்.